தனியாக இருக்கும் பாக்டீரியா தன் சமிக்ஞையைத் தானே உணருமா?

கேள்வி | 3 பிப்ரவரி, இரவு 10.12

கோரம் சென்சிங் பற்றி எங்கே படித்தாலும் ஒரே கதைதான். ஒவ்வொரு பாக்டீரியாவும் ஒரு மூலக்கூறை வெளியே விடும். கூட்டம் பெருகப் பெருக மூலக்கூறும் பெருகும். ஒரு அளவைத் தொட்டதும் எல்லாம் சேர்ந்து வேலையில் இறங்கும். அதாவது தலைக்கணக்கு. என் சந்தேகம் இதுதான்: மூலக்கூறைச் செய்வதும் அந்த செல், அதை உணரும் ஏற்பி இருப்பதும் அதே செல்லுக்குள். அப்படியானால் தனியாக இருக்கும்போதே தன் சரக்கைத் தானே உணர்ந்து ஏமாந்துவிடாதா? ஏமாறாது என்றால், ஏன்?

4 பிப்ரவரி, காலை 6.50

பெரும்பாலும் ஏமாறாது. முதல் காரணம் வெறும் இயற்பியல்.

விப்ரியோ ஃபிஷரி என்ற ஒளிரும் கடல் பாக்டீரியாவை எடுத்துக்கொள்வோம். இந்தத் துறை தொடங்கியதே அதில்தான். அது செய்யும் சமிக்ஞை மூலக்கூறு அசைல் ஹோமோசெரின் லாக்டோன் வகை, சுருக்கமாக ஏ.ஹெச்.எல். லாக்டோன் என்ற ஒரு வளையம், அதில் ஒட்டிய ஒரு கார்பன் சங்கிலி, அவ்வளவுதான். மிகச் சிறியது, சவ்வைத் தாண்டத் தனி வாசல் வேண்டாம். தண்ணீரில் இந்த அளவு மூலக்கூறு ஒரு மைக்ரோமீட்டர் தூரத்தை, அதாவது ஒரு பாக்டீரியாவின் நீளத்தை, ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிக்கும் குறைவாகக் கடந்துவிடும். 100 மைக்ரோமீட்டருக்குச் சில நொடிகள். ஒரு சென்டிமீட்டருக்குப் பல மணி நேரம். தூரம் இரட்டிப்பானால் நேரம் நான்கு மடங்காகும் என்பதால்தான் இவ்வளவு வித்தியாசம்.

ஆக, செல் ஒன்றைச் செய்து முடித்த கணமே அது வெளியே போய்விடுகிறது. சுற்றிலும் திறந்த நீர் இருந்தால் திரும்பி வர வாய்ப்பு மிகக் குறைவு. உள்ளே சேர வேண்டுமானால் வெளியேயும் சேர்ந்திருக்க வேண்டும். வெளியே சேர, பக்கத்தில் மற்றவர்களும் விட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

இன்னும் இருக்கிறது. இரவு எழுதுகிறேன்.

4 பிப்ரவரி, இரவு 9.35

இரண்டாவது காரணம் எனக்கு மிகவும் பிடித்தது. இணையப் பக்கங்கள் பலவும் இதை விட்டுவிடுகின்றன.

உணரும் புரதம் சும்மா காத்துக்கொண்டு நிற்பதில்லை. செடிகளைத் தாக்கும் அக்ரோபாக்டீரியம் என்ற பாக்டீரியாவின் ட்ரா-ஆர் என்ற ஏற்பிப் புரதத்தில் இது தெளிவாகத் தெரிந்தது. சமிக்ஞை மூலக்கூறு கிடைக்காவிட்டால் அந்தப் புரதம் சரியாக மடிவதே இல்லை. செல்லின் நொதிகள் அதைச் சில நிமிடங்களில் அரைத்துத் தள்ளிவிடும். மூலக்கூறு போதுமான அளவு இருக்கும்போது மட்டும், புரதம் உருவாகும் போதே அதைச் சுற்றி மடிந்து நிலைக்கிறது. அங்கொன்றும் இங்கொன்றுமாக மூலக்கூறு தட்டுப்பட்டால் காரியம் நடக்காது.

அதுவும் போதாதென்று பல இனங்களில் தடுப்புப் புரதங்கள் வேறு இருக்கின்றன. அக்ரோபாக்டீரியத்தில் ட்ரா-எம், சூடோமோனாஸ் ஏருஜினோசாவில் க்யூடி-ஈ. இவை ஏற்பியைப் பிடித்து முடக்கும், அல்லது நிலைக்கவிடாமல் செய்யும். க்யூடி-ஈ மரபணுவை நீக்கிவிட்டால் சூடோமோனாஸ் கூட்டம் சேருமுன்பே கோரம் மரபணுக்கள் சிலவற்றை இயக்கத் தொடங்கிவிடுகிறது. நீங்கள் பயந்த ஏமாற்றம் உண்மையான ஆபத்துதான் என்பதற்கு இதுவே சான்று. செல்கள் அதற்கென்று தனிக் கருவி செய்து வைத்திருக்கின்றன.

ஸ்டஃபைலோகாக்கஸ் போன்ற கிராம் பாசிட்டிவ் வகைகளில் சிக்கல் வேறு விதமாகத் தீர்ந்திருக்கிறது. அங்கே சமிக்ஞை ஒரு குட்டிப் புரதத்துண்டு. செல்லுக்குள் நீளமாக உருவாகி, சவ்வைத் தாண்டும்போது வெட்டப்பட்டு, வளையமாக்கப்பட்டு வெளியேறும். ஏற்பி சவ்வில் வெளிப்பக்கம் பார்த்தபடி இருக்கிறது. உள்ளே உருவாவதை அது பார்க்கவே முடியாது.

5 பிப்ரவரி, மதியம் 1.20

"இதைக் கண்டுபிடித்தது பானி பாஸ்லர்தானே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை. பாஸ்லரின் பங்கு மிகப் பெரியது, ஆனால் தொடக்கம் அவருக்கு முந்தியது.

1965-இல் அலெக்சாண்டர் டோமாஸ், நியூமோகாக்கஸ் பாக்டீரியாக்கள் வெளியிலுள்ள டி.என்.ஏ.வை உள்வாங்கத் தயாராவது அவை வெளியே விடும் ஏதோ ஒரு பொருளால்தான் என்று காட்டினார். ஹார்மோன் போன்றது என்றே எழுதினார். பாக்டீரியாவுக்கு ஹார்மோனா என்று யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

1970-இல் நீல்சன், பிளாட், ஹேஸ்டிங்ஸ் மூவரும் விப்ரியோ ஃபிஷரியின் ஒளியை ஆராய்ந்தார்கள். புது ஊடகத்தில் விட்டால் செல்கள் பெருகிக்கொண்டே போகும், ஒளி மட்டும் கூடாது. பிறகு திடீரென ஒளி பல மடங்கு எகிறும். அதற்கு முன்பு, புது ஊடகத்தில் ஏதோ தடைப்பொருள் இருக்கிறது, பாக்டீரியா வளரும்போது அதைத் தின்று தீர்க்கிறது என்ற விளக்கம்தான் இருந்தது. மூவரும் அதைத் திருப்பிப் போட்டார்கள். ஏற்கெனவே பாக்டீரியா வளர்ந்த ஊடகத்தைச் செல் நீக்கிச் சேர்த்தால் ஒளி முன்கூட்டியே வருகிறது. ஒரு தடை தீர்வதல்ல, ஒரு தூண்டுபொருள் சேர்வதுதான் காரணம் என்ற முடிவுக்கு வந்தார்கள். தன்னைத் தானே தூண்டுவதால் 'ஆட்டோஇண்டியூசர்' என்று அழைத்தார்கள். அதன் வேதி அமைப்பு 1981-இல் எபர்ஹார்ட் குழுவால் தெரிந்தது. 'கோரம் சென்சிங்' என்ற பெயர் 1994-இல்தான் வந்தது: ஃபுக்குவா, வின்னன்ஸ், கிரீன்பெர்க்.

பாஸ்லர் செய்தது விப்ரியோ ஹார்வேயி என்ற இன்னொரு ஒளிரும் கடல் பாக்டீரியாவில். ஒரே செல் ஒன்றுக்கு மேற்பட்ட சமிக்ஞைகளைக் கேட்கிறது, அதில் ஏ.ஐ.-2 என்ற ஒன்று பற்பல இனங்களிலும் உருவாகிறது என்று காட்டினார். ஏற்பிப் புரதத்தோடு பிணைந்த அந்த ஏ.ஐ.-2-இல் போரான் அணு இருப்பது 2002-இல் படிகப்படத்தில் தெரிந்தது. உயிரியலில் போரானுக்கு வேலை தெரிந்த இடங்கள் மிகக் குறைவு. கடல்நீரில் போரான் நிறைய உண்டு.

5 பிப்ரவரி, இரவு 11.05

இன்று முழுக்க இந்தக் கேள்வியே மனதில் ஓடிக்கொண்டிருந்தது. நேற்றுக் காலையில் எழுதியதை இன்னும் கொஞ்சம் தள்ளிப் பார்க்க வேண்டும்.

'திறந்த நீர் இருந்தால்' என்று எழுதினேன். அந்த நிபந்தனையை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? ஒரே ஒரு செல்லைச் சின்னத் துளிக்குள் அடைத்துவிட்டால்?

இதைச் செய்தே பார்த்துவிட்டார்கள். 2009-இல் போடிக்கர், வின்சென்ட், இஸ்மாகிலோவ் மூவரும் சூடோமோனாஸ் ஏருஜினோசாவைச் சுமார் 100 ஃபெம்டோலிட்டர் துளிகளில் ஒன்றிரண்டு செல்களாக அடைத்தார்கள். கோரம் மரபணுக்கள் இயங்கின. அடுத்த ஆண்டே இன்னொரு குழு, அடைபட்ட ஒற்றை ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் செல்லிலும் இதையே காட்டியது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 ஃபெம்டோலிட்டர் என்பது 100 கன மைக்ரோமீட்டர். ஒரு மில்லிலிட்டரில் அப்படி ஆயிரம் கோடி துளிகள் அடங்கும். ஆக அந்தத் துளியில் ஒரு செல் இருப்பதும், ஒரு மில்லிலிட்டரில் ஆயிரம் கோடி செல்கள் இருப்பதும் செல்லின் பார்வையில் ஒன்றுதான். அந்தத் துளியில் ஒரு நானோமோலார் செறிவு வர 60 மூலக்கூறு போதும். ஒரு செல்லுக்கு அது பெரிய வேலையே இல்லை.

எனவே கேட்டவருக்கு என் பதில் இப்படி மாறுகிறது: பாக்டீரியா தலையை எண்ணவில்லை. தான் விடுவது தன்னருகே எவ்வளவு தங்குகிறது என்பதைத்தான் அளக்கிறது. கூட்டம் இருந்தாலும் தங்கும், அடைப்பு இருந்தாலும் தங்கும். கிணற்றுக்குள் குனிந்து குரல் கொடுப்பதற்கும் வெட்டவெளியில் கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசம்.

6 பிப்ரவரி, காலை 7.15

ரோஸ்மேரி ரெட்ஃபீல்ட் 2002-இலேயே இதை வாதமாக வைத்தார். ஒரு பாக்டீரியா உணவைச் செரிக்க நொதியை வெளியே விடுகிறது. விட்ட நொதி நீரோடு போய்விட்டால் நட்டம். நொதி ஒரு பெரிய புரதம், செய்ய நிறைய செலவாகும். அதற்கு முன் ஒரு மலிவான சிறு மூலக்கூறை விட்டுப் பார்த்து, அது தங்குகிறதா போகிறதா என்று அறிந்துகொள்வது புத்திசாலித்தனம். இதற்குக் கூட்டமே வேண்டாம். தனி செல்லுக்கே லாபம். 'பரவல் உணர்தல்' என்றார் அவர். 2007-இல் ஹென்ஸும் அவர் கூட்டாளிகளும், செல்லால் கூட்டத்தையும் அடைப்பையும் பிரித்தறிய முடியாது, பிரிக்கவும் தேவையில்லை, விட்ட நொதி பயன் தருமா என்பதுதான் அதற்கு வேண்டிய விடை என்று இரண்டையும் சேர்த்தார்கள்.

நான் முதலில் ரெட்ஃபீல்ட் பக்கம் முழுமையாகச் சாய்ந்தவன். இப்போது முக்கால்வாசி. மீதி கால்வாசி ஏன் என்பதை நேரம் கிடைக்கும்போது எழுதுகிறேன், ஏமாற்றுக்காரர்கள் விஷயம் அது.

6 பிப்ரவரி, இரவு 8.40

"இதெல்லாம் காகிதத்தில் சரி, கண்ணால் பார்த்தது உண்டா?" என்று கேட்டிருக்கிறார்கள். உண்டு. நான் இந்தத் துறையை விடாமல் பிடித்துக்கொண்டதே ஒரு ஊதா நிறத்தால்தான்.

குரோமோபாக்டீரியம் வயலேசியம் என்று ஒரு மண், நீர் பாக்டீரியா. கூட்டம் சேர்ந்தால் வயலேசின் என்ற ஊதா நிறமி செய்யும். அதில் சமிக்ஞை செய்யும் திறனை மட்டும் கெடுத்து, கேட்கும் திறனை அப்படியே விட்ட வகை ஒன்று உண்டு: சி.வி.026. பால்வெள்ளையாக வளரும். 1997-இல் இருந்து உலகம் முழுக்க ஆய்வகங்களில் இதைத்தான் உளவாளியாக வைத்திருக்கிறார்கள். சந்தேகப்படும் பாக்டீரியாவை அகார் தட்டில் ஒரு கோடாக இழுத்து, பக்கத்தில் சி.வி.026-ஐ இன்னொரு கோடாக, இரண்டும் ஒரு முனையில் நெருங்கும்படி இழுத்தால் போதும். முதல் கோடு ஏ.ஹெச்.எல். விட்டால், அடுத்த நாள் காலை நெருங்கிய முனையில் ஊதா ஏறியிருக்கும். தூரம் போகப் போக வெளிறி, மறு முனை வெள்ளையாகவே நிற்கும்.

அந்தத் தட்டை முதல்முறை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை. ஒரு வேதிப்பொருள் எவ்வளவு தூரம் போய், எங்கே மெலிந்து, எங்கே நின்றது என்பதை அந்த பாக்டீரியாவே வரைந்து காட்டியிருந்தது. படத்தில் போட்ட அம்புக்குறிகளைவிட அந்த ஒரு கோடு எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது.

ஆனால் இது கார்பன் சங்கிலி குட்டையாக உள்ள ஏ.ஹெச்.எல்.களுக்குத்தான், நான்கு முதல் எட்டு கார்பன் வரை. பத்துக்கு மேல் போனால் சி.வி.026 ஊதா ஆகாது. நீளச் சங்கிலி மூலக்கூறு ஏற்கெனவே ஊதாவாகும் நிலையில் இருப்பதையும் தடுக்கும். அதையும் சோதனையாக்கி வைத்திருக்கிறார்கள்: ஊதா தட்டில் வெள்ளை வட்டம் விழுந்தால் அங்கே நீளச் சங்கிலி இருக்கிறது என்று பொருள்.

7 பிப்ரவரி, காலை 6.30

நேற்றையதோடு சேர வேண்டியது.

எங்கள் ஆய்வகத்தில் ஒரு தோழி நன்றாக முற்றிய வளர்ப்பிலிருந்து சாறு எடுத்து சி.வி.026 தட்டில் வைத்துப் பார்த்தாள். நிறமே வரவில்லை. இளம் வளர்ப்பில் எடுத்தால் வருகிறது, முற்றியதில் இல்லை. கூட்டம் அதிகமானால் சமிக்ஞையும் அதிகம் இருக்க வேண்டுமே? காரத்தன்மைதான் காரணம். அமினோ அமிலம் நிறைந்த ஊடகத்தில் பாக்டீரியா அவற்றைத் தின்று அம்மோனியாவை விடும். முற்றும்போது காரம் பி.ஹெச். 8-ஐத் தாண்டிவிடும். காரத்தில் ஏ.ஹெச்.எல்.இன் லாக்டோன் வளையம் திறந்துகொள்ளும். திறந்த வளையம் சமிக்ஞை ஆகாது. சங்கிலி குட்டையாக இருந்தால் இன்னும் வேகமாகத் திறக்கும். அமிலம் சேர்த்து வைத்தபோது வளையம் மீண்டும் மூடி, தட்டில் ஊதா வந்தது.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், 'எவ்வளவு தங்குகிறது' என்பதில் தூரமும் அடைப்பும் மட்டுமில்லை. அந்த இடத்தின் காரம், அமிலம், வெப்பம், அங்கே யார் அதைத் தின்கிறார்கள் என்பதெல்லாம் சேரும். செல்லுக்குக் கேட்பது அத்தனையும் கலந்த ஒரே எண்தான்.

7 பிப்ரவரி, மதியம் 2.10

ஓடும் நீர் பற்றிக் கேட்டவருக்கு: 2016-இல் பாஸ்லரும் ஹோவர்ட் ஸ்டோனும் சேர்ந்து செய்த வேலை இருக்கிறது. பயோஃபிலிம் (பரப்பில் ஒட்டி வளரும் பாக்டீரியாப் படலம்) மேல் நீரை ஓடவிட்டால் சமிக்ஞை அடித்துச் செல்லப்பட்டு, கூட்டம் அடர்த்தியாக இருந்தும் கோரம் இயங்கவில்லை. ஆனால் பள்ளம், இடுக்கு உள்ள பரப்பில் இடுக்குக்குள் இருந்தவை இயங்கின, மேட்டில் இருந்தவை இயங்கவில்லை. ஒரே கூட்டம், ஒரே மரபணு, இடம் மட்டும் வேறு.

8 பிப்ரவரி, இரவு 10.50

கால்வாசி பாக்கி என்றேனே, அது இது.

பரவல் உணர்தல் மட்டும்தான் உண்மை என்றால் ஏமாற்றுக்காரர்களுக்கு, அதாவது தான் செலவழிக்காமல் மற்றவர் உழைப்பில் தின்பவர்களுக்கு, இங்கே வேலை இருக்கக் கூடாது. ஆனால் இருக்கிறது.

சூடோமோனாஸ் ஏருஜினோசாவுக்குப் பால் புரதமான கேசினை மட்டும் உணவாகக் கொடுங்கள். அதைச் செரிக்க எலாஸ்டேஸ் போன்ற நொதிகளை வெளியே விட வேண்டும். அந்த நொதியை இயக்குவது லாஸ் என்ற கோரம் அமைப்பு. வெளியே விட்ட நொதி உடைத்துக் கொடுப்பதை யார் வேண்டுமானாலும் தின்னலாம். அப்போது லாஸ்-ஆர் ஏற்பி கெட்டுப்போன ஒரு செல் வந்தால், அதற்கு நொதி செய்யும் செலவு இல்லை, தின்பதற்கு மட்டும் குறையில்லை. அது வேகமாகப் பெருகும். 2007-இல் டிக்கில் குழுவும் ஷூஸ்டர் குழுவும் தனித்தனியே இதைக் காட்டினார்கள். கெட்ட வகையைத் தனியாகக் கேசினில் விட்டால் வளரவே முடியாது. நல்லவற்றோடு கலந்தால் நல்லவற்றை முந்துகிறது.

இங்கேதான் எனக்கு ரெட்ஃபீல்டோடு கொஞ்சம் ஒத்துப்போகவில்லை. தனி செல் தனக்காக மட்டும் அளந்து, தனக்காக மட்டும் செய்வதாக இருந்தால், பக்கத்தில் இருப்பவன் யார் என்பது ஒரு பொருட்டே இல்லை. உண்மையில் அது வாழ்வா சாவா விஷயமாக இருக்கிறது. சமிக்ஞை எதற்காக முதலில் தோன்றியது என்பது ஒன்று. இன்று அதன் மேல் என்னென்ன கட்டப்பட்டிருக்கிறது என்பது வேறொன்று. கட்டப்பட்டது கூட்டு வாழ்க்கைதான்.

அப்படியானால் ஏமாற்றுக்காரர்கள் ஏன் எல்லா இடத்தையும் பிடித்துவிடவில்லை? 2012-இல் கிரீன்பெர்க் குழு ஒரு அழகான விடை கொடுத்தது. அதே லாஸ் அமைப்பு அடினோசினைச் செரிக்கும் நொதியையும் இயக்குகிறது. அந்த நொதி வெளியே போவதில்லை, செல்லுக்குள்ளேயே வேலை செய்கிறது. அதன் பலன் செய்தவனுக்கு மட்டும். கேசினோடு அடினோசினும் கலந்த உணவில் ஏமாற்றுக்காரன் பின்தங்கிவிடுகிறான். பொதுச் சொத்தையும் சொந்தச் சொத்தையும் ஒரே சாவியில் பூட்டி வைத்திருப்பது போன்ற ஏற்பாடு. சாவியை எறிந்தவனுக்கு இரண்டும் போகும்.

இதை முதலில் படித்த இரவு நான் தூங்கவில்லை. ஒழுக்கம் பற்றி ஒன்றும் தெரியாத உயிர்களில் ஒழுங்கு எப்படி நிற்கிறது என்பதற்கு இவ்வளவு எளிய வழி இருக்கும் என்று நினைக்கவே இல்லை.

9 பிப்ரவரி, காலை 9.00

மருத்துவம் படிப்பவர் ஒருவர் எழுதியதைச் சேர்க்கிறேன், அவர் சொல்வது சரி: சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் (நுரையீரலில் சளி கெட்டிப்படும் பரம்பரை நோய்) நோயாளிகளின் நுரையீரலிலிருந்து எடுத்த சூடோமோனாஸில் லாஸ்-ஆர் கெட்டவை அடிக்கடி வருகின்றன. ஆனால் அவற்றையெல்லாம் ஏமாற்றுக்காரர்கள் என்று ஒதுக்க முடியாது. அவற்றில் பலவற்றில் ரெல் என்ற இரண்டாவது கோரம் அமைப்பு லாஸின் தயவில்லாமல் தனியாகவே இயங்குகிறது. ஆய்வகப் பாடத்தில் லாஸ் மேலே, ரெல் அதற்குக் கீழே என்று படிப்போம். நுரையீரலில் பல ஆண்டுகள் வாழ்ந்தவை அந்த வரிசையை மாற்றி எழுதிக்கொள்கின்றன.

9 பிப்ரவரி, இரவு 9.20

"எதிரியின் பேச்சை வெட்டிவிட்டால் நோயே வராது, ஆன்டிபயாடிக் தேவையில்லை, எதிர்ப்பும் வளராது" என்று யாரோ ஒரு காணொளியைப் பகிர்ந்திருக்கிறார்கள். இந்த ஆசை எனக்கும் உண்டு. ஆனால் இப்படிப் பொத்தாம்பொதுவாகச் சொல்வது ஆபத்து.

வெட்டும் வழிகள் உண்மையில் இருக்கின்றன. டெலிசியா புல்க்ரா என்ற ஆஸ்திரேலியச் சிவப்புப் பாசி தன் மேல் பாக்டீரியா ஒட்டாமலிருக்க ஃபியூரனோன் என்ற பொருளைச் செய்கிறது, அது ஏ.ஹெச்.எல். சமிக்ஞையைக் குழப்புகிறது. பாசில்லஸ் வகை ஒன்றிலிருந்து கிடைத்த ஏ.ஐ.ஐ.ஏ. என்ற நொதி லாக்டோன் வளையத்தைத் திறந்துவிடும். முன்பு சொன்ன காரம் செய்யும் அதே வேலைதான், நொதி வேகமாகச் செய்கிறது. 2001-இல் லியான்-ஹுய் ஜாங் குழு அந்த மரபணுவைப் புகையிலை, உருளைக்கிழங்குச் செடிகளுக்குள் வைத்தபோது, அழுகல் நோய் தரும் எர்வினியா பாக்டீரியாவைச் செடி தாக்குப்பிடித்தது. எர்வினியாவுக்கு சமிக்ஞை சேரவில்லை, திசுவைக் கரைக்கும் நொதிகளை அது விடவில்லை.

ஆனால் காலராவைப் பாருங்கள். விப்ரியோ காலரேயில் எல்லாம் தலைகீழ். கூட்டம் குறைவாக இருக்கும்போதுதான் நச்சும் பயோஃபிலிமும். கூட்டம் பெருகி சமிக்ஞை சேர்ந்ததும் ஹாப்-ஆர் என்ற புரதம் வந்து இரண்டையும் நிறுத்துகிறது. குடலை விட்டுக் கிளம்பும் நேரம் என்று பொருள். இந்தக் கிருமியின் சமிக்ஞையை வெட்டினால் நச்சு நிற்காது, நீடிக்கும். அங்கே வேண்டியது சமிக்ஞையைக் கூட்டுவது. 2010-இல் டுவான், மார்ச் இருவரும் அதைத்தான் செய்தார்கள். காலராவின் சமிக்ஞையான சி.ஏ.ஐ.-1-ஐச் செய்யும்படி தீங்கற்ற ஈ. கோலையை மாற்றி எலிக்குஞ்சுகளுக்கு முன்கூட்டியே கொடுத்தார்கள். பிறகு காலரா கிருமி உள்ளே போனபோது, ஏற்கெனவே கூட்டம் நிறைந்துவிட்டது என்று அது நினைத்துக்கொள்ளும் நிலை. பிழைத்த குஞ்சுகள் கணிசமாகக் கூடின.

ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸிலும் கவனம் வேண்டும். அதன் கோரம் அமைப்பான ஏ.ஜி.ஆர். இயங்கினால் நச்சுகள் வரும், உண்மை. ஆனால் ஏ.ஜி.ஆர். செயலிழந்த வகைகள் இரத்தத்தில் நீண்ட நாள் தங்கும் தொற்றோடு தொடர்புள்ளவை. நச்சு குறைந்தால் நோயும் குறைந்தது என்று முடிவு கட்ட முடியாது. எந்தக் கிருமி, எந்த இடம், நோயின் எந்தக் கட்டம் என்று கேட்காமல் 'பேச்சை வெட்டுவோம்' என்பதில் பொருளில்லை.

10 பிப்ரவரி, காலை 7.40

ஸ்டஃபைலோகாக்கஸ் என்றதும் இன்னொன்று. அதன் சமிக்ஞைத் துண்டு வகைக்கு வகை கொஞ்சம் மாறும், நான்கு குழுக்கள். ஒரு குழுவின் துண்டு பெரும்பாலும் மற்றக் குழுவின் ஏற்பியில் போய் உட்கார்ந்து அதை இயங்கவிடாமல் செய்கிறது. 1997-இல் நோவிக் குழு காட்டியது. ஒருவனுக்கு அழைப்பாக இருப்பது பக்கத்து வீட்டுக்காரனுக்கு வாய்ப்பூட்டு.

இதே பாக்டீரியா நம் செல்லுக்குள் ஒரு சிறு பையில் சிக்கிக்கொள்ளும்போது ஏ.ஜி.ஆர். இயங்கி, பையைக் கிழித்து வெளியேற உதவுகிறது. பைக்குள் கூட்டமெல்லாம் இல்லை. 5-ஆம் தேதி சொன்ன ஒற்றைத் துளிதான். அடைப்பை உணர்வதால் நேரடி லாபம் என்ன என்று கேட்டால் நான் முதலில் இதைத்தான் காட்டுவேன்.

10 பிப்ரவரி, இரவு 11.30

வைரஸுக்கும் இது உண்டா என்ற கேள்விக்கு: பாக்டீரியாவைத் தாக்கும் ஃபேஜ்களில் உண்டு. 2017-இல் வைஸ்மன் நிறுவனத்தின் ரோட்டெம் சோரெக் குழு கண்டது. பாசில்லஸைத் தாக்கும் ஒரு ஃபேஜ், ஒவ்வொரு முறை செல்லைப் பிடிக்கும்போதும் ஆறு அமினோ அமிலம் கொண்ட ஒரு துண்டை வெளியே விடவைக்கிறது. சுற்றுப்புறத்தில் அது குறைவென்றால் வரும் ஃபேஜ் செல்லைக் கொன்று பெருகும். நிறைய சேர்ந்துவிட்டால், இரை தீர்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அப்போது கொல்லாமல் செல்லின் டி.என்.ஏ.வுக்குள் போய்ப் பதுங்கிக்கொள்ளும். 2019-இல் இன்னொன்று: வி.பி.882 என்ற ஃபேஜ் விப்ரியோ காலரேயின் கோரம் சமிக்ஞை ஒன்றையே ஒட்டுக்கேட்டு, கூட்டம் அதிகமான நேரம் பார்த்துக் கொல்கிறது.

11 பிப்ரவரி, காலை 6.45

ஏ.ஐ.-2 பற்றி 5-ஆம் தேதி மதியம் சுருக்கமாக எழுதிவிட்டேன். எல்லா இனத்துக்கும் பொது மொழி என்று எழுதுபவர்கள் அதிகம், எனக்கு அதில் தயக்கம் உண்டு. அதைச் செய்யும் லக்ஸ்-எஸ் நொதியின் முதல் வேலை வேறு. செல் மெத்தில் தொகுதியைப் பயன்படுத்திய பின் மிஞ்சும் நச்சுத்தன்மையுள்ள கழிவைச் சுத்தம் செய்வது. ஏ.ஐ.-2 அந்தச் சுத்தத்தில் பக்கத்தில் வருவது. லக்ஸ்-எஸ் கெட்டால் செல்லில் தெரியும் மாற்றங்களில் சில, சமிக்ஞை இல்லாததால் வருபவை அல்ல, கழிவு தேங்கியதால் வருபவை. விப்ரியோ ஹார்வேயிக்கு அது சமிக்ஞைதான், தனி ஏற்பியே வைத்திருக்கிறது. ஏற்பி எதுவும் தெரியாத இனத்தில் அதைச் சமிக்ஞை என்று நான் எழுத மாட்டேன்.

சமிக்ஞை என்று சொல்ல, ஒருவன் விடுவதும் இன்னொருவன் அதனால் மாறுவதும் மட்டும் போதாது. விடுவதே அந்த மாற்றத்துக்காகத் தேர்வாகி வந்திருக்க வேண்டும். இதை 2006-இல் கெல்லரும் சுரெட்டும் தெளிவாகப் பிரித்து எழுதினார்கள். சால்மொனெல்லாவும் ஈ. கோலையும் ஏ.ஹெச்.எல். செய்வதே இல்லை, ஆனால் எஸ்.டி.ஐ.ஏ. என்ற ஏற்பி வைத்துக்கொண்டு மற்றவர்களுடையதைக் கேட்கின்றன. விட்டவனுக்கு அதில் லாபம் இருக்க வேண்டியதில்லை.

11 பிப்ரவரி, இரவு 10.15

கேட்டவர் கடைசியாக ஒன்று கேட்டிருக்கிறார்: "அப்படியானால் திறந்த கடலில் எப்படி ஒளிர்கிறது?"

பெரும்பாலும் ஒளிர்வதில்லை. தனியே மிதக்கும் விப்ரியோ ஃபிஷரி இருண்டே கிடக்கும். ஹவாய் பாப்டெயில் ஸ்க்விட் என்ற சிறு கணவாயின் ஒளி உறுப்புக்குள் போய் அடைபட்டு, ஒரு மில்லிலிட்டருக்கு ஆயிரம் கோடியும் அதற்கு மேலும் என்ற அடர்த்தியில் பெருகும்போதுதான் ஒளி. (துளிக் கணக்கில் வந்த அதே எண்.) விடியும்போது ஸ்க்விட் அவற்றில் சுமார் 95 விழுக்காட்டை வெளியே தள்ளிவிடும், மீதி மறுபடி பெருகும். ஒளி செய்யும் மரபணு கெட்ட பாக்டீரியாவால் அந்த உறுப்பில் நிலைத்திருக்க முடிவதில்லை. ஏமாற்றுக்காரனுக்கு இங்கே காவல் ஸ்க்விட்.

விதிவிலக்கு 'பால்கடல்'. 1995 ஜனவரியில் சோமாலியாவுக்கு அப்பால் லிமா என்ற கப்பல் இரவில் கடல் முழுக்க வெண்மையாக ஒளிர்வதைக் கண்டு குறிப்பு எழுதியது. பத்து ஆண்டு கழித்து, மில்லரும் ஹேடாக்கும் பழைய செயற்கைக்கோள் படங்களில் அதைத் தேடிப் பிடித்தார்கள். சுமார் 15,400 சதுர கிலோமீட்டர், மூன்று இரவுகள். அவ்வளவு பெரிய நீர்ப்பரப்பில் கோரம் எப்படி? மிதக்கும் பாசித் திரளின் மேல் ஒட்டிக்கொண்டு, துணுக்குத் துணுக்காக அடர்ந்து ஒளிர்கின்றன என்பதே இப்போதைக்கு ஏற்கத்தக்க விளக்கம். 1985-இல் அரபிக் கடலில் ஒரு பால்கடலின் நீரைக் கப்பலில் எடுத்துப் பார்த்தபோது, பாசியோடு ஒட்டிய விப்ரியோ ஹார்வேயிதான் அகப்பட்டது. கடல் முழுக்கக் கூடி முடிவெடுப்பதில்லை. ஒவ்வொரு பாசித் துணுக்கும் தன் மேலுள்ளவற்றுக்கு ஒரு சின்ன அடைப்பு.

12 பிப்ரவரி, காலை 7.05

நேற்று எழுதியதில் ஒரு சேர்க்கை மட்டும். துணுக்கில் இருக்கும் எல்லா செல்லும் ஒன்றாக ஒளிரும் என்று நினைத்துவிட வேண்டாம். நுண்ணோக்கியில் ஒவ்வொரு செல்லாகப் பார்த்தவர்கள், சமிக்ஞை தேவைக்கு மேல் இருந்தபோதும் விப்ரியோ ஹார்வேயியில் ஒரு பகுதி இருண்டே நிற்பதைக் கண்டிருக்கிறார்கள். ஒரே மரபணு, ஒரே நீர், ஒரே செறிவு. குடுவையை வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு வருவது சராசரி ஒளி. அதை வைத்துக்கொண்டு 'எல்லாம் ஒரே நேரத்தில்' என்று பாடப்புத்தகத்தில் எழுதிவிட்டார்கள்.